கண்ணாடியைச் சோதித்த கை

இலங்கைத் தோட்டங்களின் வரலாற்றை எழுதியவர்கள் இயந்திரங்களின் பெயர்களைத் தவறவிட்டதில்லை. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதிலிருந்து கதை தொடங்கும். கொழுந்தைச் சுருட்ட வில்லியம் ஜாக்சன் அமைத்த ரோலர் வரும், அதைச் செய்து அனுப்பிய கெயின்ஸ்பரோ நகரின் மார்ஷல் கம்பனி வரும், பெல்ஃபாஸ்டில் சாமுவேல் டேவிட்சன் உருவாக்கிய சிரொக்கோ உலர்த்தியும் வரும். இந்த இயந்திரங்களைச் சுழற்றிய நீராவியை அடைத்து வைத்திருந்த பொயிலரில் போதிய தண்ணீர் இருக்கிறதா என்று மணிக்கு மணி பார்த்து நின்றவர் மட்டும் எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. வந்தாலும் ‘விறகு போடுபவர்’ என்ற அளவோடு அவர் கதை முடிந்துவிடும். சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களை முன்வைத்து நான் சொல்ல விரும்புவது இதுதான்: பொயிலரின் நீர்மட்டத்தைச் சோதிப்பது அந்தத் தொழிற்சாலைகளில் மிகுந்த நுட்பமும் நிதானமும் கேட்ட வேலை. அது கூலி வேலையாகவே எண்ணப்பட்டது. அந்த எண்ணத்தைச் சட்டமும் சம்பளப் பட்டியலும் சேர்ந்தே உறுதிப்படுத்தின. இன்று அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ள நமக்கு நியாயம் இருக்கிறது.

கேகாலையும் இரத்தினபுரியும் மேல் மாகாணத்திலிருந்து பிரிந்து சப்ரகமுவ என்ற தனி மாகாணமானது 1889இல். கோப்பியை இலைநோய் அழித்தபின் தேயிலை பரவிக்கொண்டிருந்த காலம் அது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இறப்பர் விலை ஏற, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, ருவன்வெல்ல, எஹலியகொடைப் பக்கத்துச் சரிவுகளில் இறப்பர் மரங்கள் எழுந்தன. இறக்குவானை, பலாங்கொடை மலைகளில் தேயிலை நிலைத்தது. கொழுந்தோ இறப்பர்ப் பாலோ நெடுந்தூரப் பயணத்தைத் தாங்காது. பறித்த அன்றே, வெட்டிய அன்றே பக்குவப்படுத்தத் தொடங்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு பெரிய தோட்டத்துக்கும் சொந்தத் தொழிற்சாலை தேவைப்பட்டது. தோட்டத்து மக்கள் அதை ‘ஸ்டோர்’ என்றார்கள். தேயிலை ரோலரையும் இறப்பர்க் கிறேப் உருளைகளையும் சுழற்ற ஸ்டோருக்கு ஒரு விசை வேண்டும். ஓடையில் வீழ்ச்சி இருந்த இடத்தில் நீர்ச்சக்கரம் வந்தது. அது இல்லாத இடத்திலும், இருந்தும் கோடையில் ஓடை மெலிந்த இடத்திலும் பொயிலரும் நீராவி இயந்திரமும் வந்தன. பெரிய நகரத்துப் பட்டறைக்கென்று உருவான ஒரு பாத்திரம், பழுதுபார்ப்பவர் வந்துசேர ஒரு நாளாவது ஆகும் மலைச்சரிவில் இப்படித்தான் குடியேறியது.

அந்தப் பாத்திரத்தின் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். நீராவியின் அழுத்தம் கூடினால் பொயிலர் வெடிக்கும் என்பது பலருக்கும் தெரியும். அதற்குப் பாதுகாப்பு வால்வு இருக்கிறது. நீர் குறைவதால் வரும் ஆபத்து அதைவிட மௌனமானது. சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அழுத்தத்தில் பொயிலருக்குள் இருக்கும் நீர் ஏறத்தாழ 170 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும். அடுப்புக்கு மேலுள்ள இரும்புத் தகடு அந்த நீரில் மூழ்கியிருக்கும்வரை தணலின் சூட்டை நீரே வாங்கிக்கொள்ளும், தகடு தாங்கும். நீர் இறங்கித் தகடு வெளியே தெரிந்துவிட்டால், சிவக்கச் சூடேறி வலுவிழந்து, வழக்கமான அழுத்தத்திலேயே உள்நோக்கி வளைந்து கிழியும். கிழிந்த கணத்தில் மிஞ்சிய நீர் முழுவதற்கும் அழுத்தம் விட்டுப்போகிறது. அதில் ஒரு பங்கு அந்த நொடியிலேயே ஆவியாகி, நீராக இருந்தபோது பிடித்த இடத்தைப்போல் 1,600 மடங்குக்கும் மேல் விரிகிறது. இதில் பாதுகாப்பு வால்வால் ஆவது ஒன்றுமில்லை, ஏனெனில் அழுத்தம் வரம்பைத் தாண்டவே இல்லை. அழுத்தமானி சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே விபத்து நடந்துவிடும். ஆகவே பொயிலரைச் சுற்றியுள்ள எல்லா அளவைகளிலும் உயிரோடு நேரடியாகப் பிணைந்தது நீர்மட்டம்தான்.

அதைக் காட்டுவது முகப்பில் நிமிர்த்திப் பொருத்திய ஒரு கண்ணாடிக் குழாய். மேல்முனை பொயிலரின் நீராவிப் பகுதியோடும் கீழ்முனை நீர்ப் பகுதியோடும் சேர்ந்திருக்கும். உள்ளே நீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதே உயரத்தில் குழாயிலும் நிற்கும். பார்ப்பதற்கு இதைவிட எளிய கருவி இல்லை என்று தோன்றும். ஆனால் இந்தக் கண்ணாடி பொய் சொல்லும். கீழ்வழி சேற்றால் அடைபட்டால், பொயிலரில் நீர் இறங்கிக்கொண்டே போனாலும் குழாயில் பழைய மட்டம் அப்படியே நிற்கும். மேலே குளிர்ந்து சொட்டும் ஆவிநீர் சேர்ந்து அந்த மட்டம் ஏறக்கூடச் செய்யும். மேல்வழி அடைபட்டால், சிக்கிய நீராவி குளிர்ந்து சுருங்க, நீர் உச்சிவரை ஏறி நிறைவாகக் காட்டும். இரண்டு பிழைகளும் ‘நீர் போதும்’ என்ற பக்கமே சாய்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். இதைவிடக் கொடியது ஒன்று உண்டு: முழுக்க நிறைந்த குழாயும் முழுக்க வறண்ட குழாயும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், நடுவே மட்டக்கோடு தெரிந்தால்தானே வேறுபாடு தெரியும். இதற்காகக் குழாய்க்குப் பின்னால் கறுப்பும் வெள்ளையுமாகச் சாய்கோடுகள் போட்ட தகடு வைப்பது உண்டு. நீர் உள்ள பகுதி உருளை வில்லைபோல் வேலை செய்து கோடுகளை எதிர்ப்பக்கம் சாய்த்துக் காட்டும். நீர் இல்லாத பகுதியில் கோடுகள் உள்ளபடியே சாயும். எழுத்தும் எண்ணும் இல்லாத வாசிப்பு அது. ஆனால் தவறாக வாசித்தால் விலை உயிர்.

ஆகவே நீர்மட்டம் பார்ப்பது என்றால் கண்ணாடியை நிமிர்ந்து நோக்குவது மட்டும் என்று எண்ணக்கூடாது. கண்ணாடியை விசாரிக்க வேண்டும். மேலே நீராவித் திருகு, கீழே நீர்த் திருகு, அடியில் வடிதிருகு என்று மூன்று திருகுகள். முதலில் நீர்த் திருகை மூடி வடிதிருகைத் திறந்தால் ஆவி மட்டும் சீறி வர வேண்டும். வந்தால் மேல்வழி சுத்தம். அடுத்து நீராவித் திருகை மூடி நீர்த் திருகைத் திறந்தால் கொதிநீர் பாய வேண்டும். வெளியே வந்ததும் அந்த நீரில் ஒரு பகுதி ஆவியாகிவிடுவதால் இதிலும் சீற்றம் கேட்கும். வறண்ட ஆவியின் கூர்மையான சத்தத்தையும் நீர் கலந்த ஆவியின் கனத்த சத்தத்தையும் காது பிரித்தறிய வேண்டும். கடைசியில் வடிதிருகை மூடி இரண்டையும் திறந்தால் நீர் சட்டென்று எகிறி ஏறித் தன் மட்டத்தில் அசைந்து நிற்க வேண்டும். சோம்பலாக ஏறினால் வழி பாதி அடைபட்டிருக்கிறது என்று பொருள். இந்த வரிசை மாறினால் சோதனைக்கு அர்த்தமில்லை. நீர் காணவில்லை என்று முடிவானால் அடுத்த செயல் இன்னும் கடினம். தண்ணீர் குறைந்தால் தண்ணீர் விடு என்றே மனம் சொல்லும். சிவந்த தகட்டில் குளிர்நீர் பட விடுவது பேராபத்து. தணலை ஈரச் சாம்பலாலோ மண்ணாலோ மூடி அணைத்து, பாத்திரத்தைத் தானாக ஆறவிட வேண்டும். உள்ளுணர்வுக்கு எதிராக நடக்கும் துணிவு ஒரு நாளில் வருவதில்லை.

சப்ரகமுவவின் இயற்கை இந்த வேலையை மேலும் கடினமாக்கியது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. நீருக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் நீர்க்குறைவால் பொயிலர் கெடுமா என்று கேட்கலாம். கெடுவதற்கு அந்த மழையே ஒரு காரணம் ஆகும். வெட்டித் திருத்திய செம்மண் சரிவுகளிலிருந்து அடைமழைக்குப் பின் இறங்கும் ஓடைநீர் மண்ணும் இலைச்சருகும் சுமந்து வரும். தொட்டியில் தெளியவிடாமல் பொயிலருக்கு ஏற்றினால் அந்த வண்டல் அடியில் படியும். கண்ணாடியின் கீழ்வழி போன்ற ஒடுங்கிய துவாரங்களை முதலில் அடைக்கும். கலங்கல் நீர் கொதிக்கும்போது நுரைக்கவும் செய்யும், நுரைத்தால் மட்டம் குதித்தாடும், உண்மையான உயரம் எது என்று சொல்ல முடியாது. விறகும் இதே கதைதான். நிலக்கரி அரிதான மலைக்குள் காட்டு விறகும், பிற்காலத்தில் வெட்டி வீழ்த்திய பழைய இறப்பர் மரமுமே எரிபொருள். மழைக்காலத்து ஈர விறகு மந்தமாக எரியும், காய்ந்த கட்டை திடீரென்று கொழுந்துவிடும். தணல் ஏறி இறங்க, நீர் செலவாகும் வேகமும் ஏறி இறங்கும். வாடிய கொழுந்தை விடியலுக்கு முன்பே ரோலரில் போட வேண்டியிருந்ததால், இவை எல்லாவற்றையும் விளக்கு வெளிச்சத்தில் கவனிக்க வேண்டியிருந்தது. கெயின்ஸ்பரோவில் அச்சான எந்த விதிநூலும் இந்த ஓடையின் கலங்கலையும் இந்த விறகின் குணத்தையும் அறிந்திருக்க வழியில்லை. அதை அறிந்துகொண்டது பொயிலர் முன் நின்றவரின் அனுபவம்.

இங்கே முதல் மறுப்பு எழும். தொழிலாளியின் கவனத்தை நம்பாமலே பொயிலரைக் காக்கும் ஏற்பாடு நெடுநாளாக இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். 1803 செப்டெம்பரில் லண்டனை அடுத்த கிரீனிச்சில் ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் உயரழுத்தப் பொயிலர் ஒன்று வெடித்து நான்கு பேர் இறந்தனர். பொறுப்பாக வைக்கப்பட்டிருந்த சிறுவன் விலாங்குமீன் பிடிக்கப் போயிருந்தான் என்பது அந்த விபத்தோடு சேர்ந்தே சொல்லப்படும் செய்தி. அதன்பின் ட்ரெவிதிக் தம் பொயிலர்களில் ஈய அடைப்பு ஒன்றைச் சேர்த்தார். நீர் இறங்கினால் ஈயம் உருகித் துவாரம் திறக்கும், ஆவி பீறிட்டு அடுப்பையும் ஆளையும் எச்சரிக்கும். இந்த உருகும் அடைப்பு நல்ல காவல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது கடைசிக் காவல். மேற்புறத்தில் உப்பும் வண்டலும் தடித்துப்போனால் உருகியும் திறக்காது. நாளடைவில் உலோகத்தின் குணம் மாறினால் உருக வேண்டிய சூட்டில் உருகாது. உருகித் திறந்தால் அன்றைய வேலை நின்று, அன்றைய கொழுந்து முழுக்க வீணாகும். நாள்தோறும் ஸ்டோரை ஓடவைத்தது, அந்த அடைப்பு உருகும் நிலைமை வராமல் பார்த்துக்கொண்ட கவனம். கருவி மனிதரின் தவறை ஈடுசெய்ய வந்தது. மனிதரின் இடத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை.

சட்டமும் நெடுங்காலம் பாத்திரத்தையே பார்த்தது. இலங்கையில் 1896இலேயே சுரங்கங்களையும் இயந்திரங்களையும் ஒரே பெயரில் சேர்த்த பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. போகலை காரீயச் சுரங்கமும் தோட்டத் தொழிற்சாலைகளும் ஒரே மாவட்டத்தில் இருக்கும் கேகாலைக்கு அந்தச் சேர்க்கை பொருத்தமானதே. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. அந்த முன்மாதிரி தெளிவானது. பொயிலருக்கு நீர்மட்டம் காட்டும் கண்ணாடி இருக்க வேண்டும். அழுத்தம் 40 இறாத்தலைத் தாண்டினால் கண்ணாடிக்குக் காப்பு இருக்க வேண்டும், அந்தக் காப்பு மட்டத்தை மறைக்கவும் கூடாது. உருகும் அடைப்போ நீர்க்குறைவு எச்சரிக்கைக் கருவியோ வேண்டும். 14 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியானவர் ஒருவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். எல்லாம் நல்ல விதிகள். ஆனால் அந்த 14 மாதத்தில் ஒரு நாளைக்கு இரண்டே முறை என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 800 தடவைக்கு மேல் யாரோ ஒருவர் அந்த மூன்று திருகுகளையும் முறையாகத் திறந்து மூடியிருக்க வேண்டும். பரிசோதகர் ஒருமுறை பார்த்துக் கையெழுத்திட்டதற்கு ஆவணம் உண்டு; இந்த 800க்கு எதுவும் இல்லை. அண்டை நாடான இந்தியாவில் 1863இல் கல்கத்தாவில் நடந்த பொயிலர் வெடிப்புக்குப் பின் வங்காளத்தில் சட்டம் வந்தது. 1923ஆம் ஆண்டின் இந்தியப் பொயிலர்கள் சட்டம், தகுதிச் சான்றிதழ் பெற்றவரின் பொறுப்பில்தான் பொயிலர் இருக்க வேண்டும் என்று விதிசெய்ய இடம் கொடுத்தது. நீர்மட்டத்தைக் காப்பது ஒரு தகுதி, அதைத் தேர்ந்து அறிந்து சான்றளிக்கலாம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் பார்வை இரும்பின் மேல் நின்றது. இரும்பைக் காப்பவரின் தேர்ச்சி அதில் பின்தள்ளப்பட்டது.

சம்பளப் பட்டியலைப் பார்த்தால் இந்தக் குறை இன்னும் துலக்கமாகும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி 1929இல் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் நிர்ணயமானது. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. இடைநாட்டில் 52, 41, 31. தாழ்நாட்டில் 50, 40, 30. தோட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது, உழைப்பவர் ஆணா பெண்ணா பிள்ளையா என்பவை மட்டுமே இந்த ஒன்பது எண்களையும் தீர்மானித்தன. கை என்ன அறிந்திருக்கிறது என்பதற்கு அங்கே இடமே இல்லை. இது கீழ்வரம்புதானே, ஸ்டோரில் தேர்ந்தவருக்கு மேலதிகம் கொடுக்கத் தடை இல்லையே என்று சொல்லலாம். தடை இல்லை. ஆனால் கொடுப்பதும் விடுவதும் தோட்டத்தை நடத்திய துரையின் விருப்பமாக இருந்தது; உரிமையாக இருக்கவில்லை. தொழிலாளியின் நட்டஈட்டைப் பற்றிய 1934ஆம் ஆண்டுச் சட்டம் காயத்துக்கும் சாவுக்கும் விலை வைத்தது. விபத்தே நடக்காமல் காத்த அறிவுக்கு எந்தச் சட்டமும் விலை வைக்கவில்லை. இந்தத் தோட்டத் தமிழ் மக்களின் முன்னோர் வந்த புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருச்சிச் சீமைகளில் கண்மாய் மடையைத் திறந்து மூடுபவருக்கு நீர்கட்டி, மடையர் என்று பெயர் இருந்தது, ஊர் விளைச்சலில் பங்கும் இருந்தது. நீர் எவ்வளவு நிற்கிறது என்று அறிவது ஓர் ஊர்ப் பதவியாக மதிக்கப்பட்டது. கண்மாயில் நீர் மிகுந்தால் கரை உடையும், பொயிலரில் நீர் குறைந்தால் தகடு உடையும்; இரண்டிலும் ஊரே ஒருவரின் கவனத்தை நம்பித் தூங்குகிறது. கடல் கடந்து வந்தபோது அந்தக் கவனம் தொடர்ந்தது, பெயரும் பங்கும் தொடரவில்லை.

இரண்டாவது மறுப்பு காலத்தைப் பற்றியது. ஓடைநீர், எண்ணெய் இயந்திரம், பின்னர் மின்சாரம் என்று மாறிவிட்ட தோட்டங்களில் நீராவிக்கு இவ்வளவு முக்கியத்துவம் தரலாமா என்பது அந்தக் கேள்வி. விசை கொடுக்கும் நீராவியின் காலம் குறுகியது என்பதை ஏற்கிறேன். ஆனால் அது தோட்ட வேலியோடு நின்றுவிடவில்லை. 1902இல் அவிசாவளையை எட்டி, 1912இல் இரத்தினபுரிக்குப் போன களனிவெளிக் குறும்பாதையில் தேயிலையையும் இறப்பரையும் இழுத்தவை நீராவி எஞ்சின்கள். ஏற்றத்தில் நீர் பின்னுக்கு ஒதுங்கும், இறக்கத்தில் முன்னுக்கு ஓடும், கண்ணாடியில் தெரியும் மட்டம் சரிவுக்குச் சரிவு மாறும். சமதரையில் போதுமான நீர், இறக்கத்தில் அடுப்புத் தகட்டை வெளியே விட்டுவிடலாம். எந்த வளைவுக்குப்பின் எந்த இறக்கம் என்று பாதையை மனத்தில் வைத்துத்தான் அந்த எஞ்சினில் கண்ணாடியை வாசிக்க முடியும். எஞ்சினும் ஸ்டோரும் ஒரே அறிவின் இரண்டு முகங்கள். மேலும், விசையாகப் போன நீராவி வெப்பமாகத் திரும்பி வந்திருக்கிறது. கொழுந்து உலர்த்தவும் இறப்பர்ப் பாலிலிருந்து பொருள்கள் செய்யவும் இறப்பர் விறகில் எரியும் பொயிலர்கள் இன்றும் நாட்டில் வேலை செய்கின்றன.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். உழைப்பவர் மீதுள்ள பரிவால், சாதாரண வேலை ஒன்றை மேதைமையாக உயர்த்துகிறோமா? பொயிலரைப் பொருத்தியவர் பொறியியலாளர், ஸ்டோருக்குப் பொறுப்பு டீமேக்கர், தோட்டத்துக்குப் பொறுப்பு துரை. திருகைத் திருப்பியவர் சொன்னதைச் செய்தார், அவ்வளவுதானே? இதற்கு என் பதில் பரிவிலிருந்து வரவில்லை, கண்ணாடியின் அமைப்பிலிருந்தே வருகிறது. சோதனையின் ஒவ்வொரு படியும் ஒரு தீர்ப்பைக் கேட்கிறது: இந்தச் சத்தம் ஆவியா நீரா, இந்த ஏற்றம் வேகமா மந்தமா, இந்தக் குழாய் நிறைந்ததா வறண்டதா. அந்தத் தீர்ப்பை எதிரே நிற்பவர் அந்த நொடியில் சொல்ல வேண்டும், துரையின் பங்களாவிலிருந்து சொல்லி அனுப்ப முடியாது. பொறுப்பு மேலே இருந்தது, தீர்ப்பு கீழே இருந்தது. இந்தப் பிரிவைக் காட்டுவதால் பொறியியலாளரின் பெருமை குறையாது. அவர் அமைத்த பொயிலர் பல்லாண்டு உடையாமல் உழைத்ததில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு என்றே சொல்கிறேன்.

இன்றைய பொயிலரில் நீர் குறைந்தால் தானாக எரிபொருளை நிறுத்தும் கருவி இருக்கிறது, இனி கை எதற்கு என்றும் கேட்கலாம். அந்தக் கருவியின் மிதவையும் ஓர் ஒடுங்கிய அறைக்குள்தான் மிதக்கிறது. அந்த அறையிலும் வண்டல் படியும். படிந்தால் மிதவை உயரத்திலேயே சிக்கி ‘நீர் போதும்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். பழைய கண்ணாடி சொன்ன அதே பொய்தான் இது. ஆகவே அதையும் திறந்து, கழுவி, நிறுத்த வேண்டிய மட்டத்தில் நிறுத்துகிறதா என்று நாள்தோறும் சோதித்தாக வேண்டும். விறகு அடுப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணெயை நிறுத்தினால் சுடர் உடனே அணையும், விறகின் தணல் அணையாது. கருவி எச்சரித்தபின்னும் நெடுநேரம் சூடு ஏறிக்கொண்டே இருக்கும், அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். கருவிகள் கூடக்கூடச் சந்தேகப்பட வேண்டியவையும் கூடுகின்றன.

ஆகவே நான் கேட்பது நினைவுச் சின்னம் அல்ல. தோட்டத் தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதும்போது ஜாக்சனுக்கும் டேவிட்சனுக்கும் பக்கத்தில் இந்தச் சோதனையையும் அதைச் செய்தவரையும் தேர்ந்த அறிவின் பகுதியாக எழுத வேண்டும். இன்று பொயிலர் முன் நிற்பவருக்கு அவர் பேசும் தமிழிலோ சிங்களத்திலோ முறையான பயிற்சியும், பயிற்சிக்கு ஏற்ற சான்றும், சான்றுக்கு ஏற்ற சம்பளமும் வேண்டும். ஒவ்வொரு முறை கண்ணாடியைச் சோதித்ததும் அவரே கையெழுத்திடும் ஒரு பதிவேடு வேண்டும்; பரிசோதிக்க வருபவரின் கையெழுத்தோடு அதுவும் சேர்ந்தே இருக்கட்டும். வடிதிருகை மூடியதும் நீர் எகிறி ஏறுகிறதா என்று காத்திருக்கும் அந்த ஒரு நொடியில்தான் ஸ்டோரில் உள்ள எல்லோருடைய உயிரும் இருந்தது. அந்த நொடியைக் காத்தவரின் பெயர் முதன்முதலாக ஏட்டில் ஏற அந்தப் பதிவேடு வழி செய்யும்.